முதலில் கண்ட கப்பல்

சுயம்புலிங்கம் கப்பலுக்கு ஒரு நல்லது செய்யலாம் என்றுதான் நினைத்தார். அவர் வாழ்க்கையில் நடந்த விபத்துகள் எல்லாமே இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

காற்று எழுந்திருந்தது. 'கடற்சிட்டு' தன் மூன்று பாய்மரங்களிலும் வெள்ளைப் பாயை விரித்துக்கொண்டிருந்தது. தளத்தில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு கயிற்றில் தொங்கினார்கள். கை சும்மா இருந்தவர் அவர் ஒருவர்தான். அது அவருக்குக் கூச்சமாக இருந்தது. பாய் விரித்தால் புகைபோக்கியை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாயின் விளிம்பு அதில் உரசும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. அந்தக் கப்பலின் புகைபோக்கி, ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்களால் ஆனது. பக்கத்துச் சங்கிலிச் சக்கரத்தைச் சுற்றினால், நத்தை கொம்பை இழுத்துக்கொள்வதுபோல உள்ளே போய்விடும். சுயம்புலிங்கம் சுற்றினார். அழகாக உள்ளே போனது.

கீழே அடுப்பு அணைந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு சுற்ற வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

வானத்துக்குப் போக வேண்டிய புகை முழங்கால் உயரத்தில் வெளியே வந்தது. தளம் மறைந்தது. பாயில் கறுப்பு ஏறியது. சமையல்காரர் உமர் காக்கா காயப்போட்டிருந்த மீன் கருவாடாவதற்குள் கரியாகிவிட்டது. எங்கெங்கோ இருமல் கேட்டது. புகை கலைந்தபோது கேப்டன் ஜோஸ்பின் கொரேரா அம்மாள் வெள்ளைச் சீருடையில் நின்றிருந்தார். காலர் மட்டும் இன்னும் வெள்ளை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கைக்குட்டையைப் பார்த்தார்.

"டாக்டரே, நீரு எதுல டாக்டர் பட்டம் வாங்குனீரு?"

"எலெக்ட்ரானிக்ஸ், கேப்டன். துணி துவைக்கிற மிஷின்ல... அழுக்குப் போயிடுச்சான்னு கண்டுபிடிக்கிற சில்லு."

கேப்டன் நிமிர்ந்து பாயைப் பார்த்தார். அழுக்குப் போகவில்லை என்பதற்குச் சில்லு தேவையிருக்கவில்லை.

"இனிமே உமக்குக் கீழதான் வேலை. கரி அள்ளும். நான் கூப்பிடாம மேல வரப்பிடாது."

அப்படித்தான் முனைவர் சுயம்புலிங்கம் கொதிகலன் அறைக்கு வந்து சேர்ந்தார். மாலைக்குள் அவருக்குப் புகைச்சாமி என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

கொதிகலன் அறையின் தலைவர் தவசிக்கண். உடன்குடிப் பக்கத்து ஆள். எதைப் பற்றியும் அபிப்பிராயம் உள்ளவர். அவற்றில் பாதி தவறாக இருக்கும், ஆனால் தயக்கம் இருக்காது.

"ஏன்வே டாக்டரே, இம்புட்டுப் படிச்ச ஆளுக இருக்கீய. கடைசில விக்டோரியா ராணி காலத்துக் கப்பல்லயா வந்து விழணும்?"

"வேற எது அண்ணாச்சி ஓடுது? சூரியன் ஒரு தும்மு தும்முனா உலகத்துல இருக்கிற சில்லு பூரா செத்துப்போகுது. புதுசா செஞ்சு வச்சா, அடுத்த தும்மல்ல அதுவும் போகுது."

"டீசல் எஞ்சின்ல சில்லு இல்லையே. எங்க மாமாட்ட ஒண்ணு கெடந்துச்சே."

"எஞ்சின் கெடக்கும். டீசல் வரணும்லா? அதை எடுக்கறது, காய்ச்சறது, பிரிக்கறது எல்லாம் சில்லு பாத்த வேலை. கரிக்கு மண்வெட்டி போதும்."

"மண்வெட்டி இல்லவே, சவளு. அதக் கொஞ்சம் தாழ்த்திப் பிடியும். முதுகு போயிரும்."

அந்தக் கப்பலை யார் நினைத்துக் கட்டினார்களோ, அவர்களுக்கு ஒரு கோயில் கட்டலாம் என்று சுயம்புலிங்கத்துக்குப் பட்டது. பழைய ராணுவ வரைபடத்தைப் பார்த்துத் தூத்துக்குடியில் கட்டிய 'ஸ்லூப்' வகைக் கப்பல் அது. அந்தக் காலத்துக் கடற்படை இதை வேவு பார்க்கவும் விரட்டிப் பிடிக்கவும் வைத்திருந்தது. பீரங்கி இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்ப் பீப்பாய்கள். இரும்பு எலும்பு, தேக்குத் தோல், அடிவயிற்றில் செம்புத் தகடு. மொத்தக் கப்பலிலும் ஒரு அங்குல ஒயர் கிடையாது. மேல்தளத்தில் பேசுவது பித்தளைக் குழாய் வழியாகக் கீழே கேட்கும், தும்மினால்கூடக் கேட்கும்.

அவரை மயக்கியது அதன் விசிறி. தண்ணீருக்கடியில் சுழன்று கப்பலைத் தள்ளும் இரண்டிதழ் வெண்கல விசிறி, ஒரு ஆள் உயரத்துக்கு மேல். பாயில் ஓடும்போது அது நீரில் கிடந்தால் வேகத்தை இழுக்கும். அதனால் அதை அப்படியே கழற்றி, பின்தளத்தில் உள்ள கிணறு போன்ற துளை வழியாக மேலே தூக்கிவிடுவார்கள். ஒரு ஆள் பாக்கியில்லாமல், சமையல்காரர் முதல் கேப்டன் வரை கயிற்றைப் பிடிக்க வேண்டும். விசிறி கீழே, புகைபோக்கி மேலே என்றால் அது நீராவிக் கப்பல். விசிறி மேலே, புகைபோக்கி கீழே என்றால் பாய்க்கப்பல். ஒரே உடம்பில் இரண்டு உயிர். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வாழ்வைக் கொடுத்த மனிதருக்கு இதைப் பார்த்துக் கண் கலங்கியது என்றால், அதற்குப் புகையும் ஒரு காரணம்.

ஆனால் கரி குறைவு. ஒரு முறை முழு நீராவியில் ஓடி, ஒரு கப்பலை இழுத்து வர மட்டுமே போதும். அதனால் தேடுவது பாயில். விசிறியை இறக்குவது, எந்தக் கப்பலைக் காப்பாற்றப் போகிறோம் என்று முடிவான பிறகு.

"அதை யாரு முடிவு பண்ணுவா காக்கா?" என்று கப்பல் ஏறிய புதிதில் அவர் உமர் காக்காவிடம் கேட்டிருந்தார். உமர் காக்கா காயல்பட்டினத்துக்காரர். மீன் செதில் சீவும் கத்தியை நிறுத்தாமலேயே பேசுவார்.

"யாரும் பண்ணப்படாது. அதுக்குத்தான் விதி. முதல் தும்மலப்ப என்ன நடந்துச்சு? ஒவ்வொரு கேப்டனும் கணக்குப் போட்டான். அதுல பெரிய ஆளு இருக்காரு, இதுல வெறும் மீன்காரன் இருக்கான்னு. கணக்கு முடியறதுக்குள்ள ரெண்டும் முங்கிப்போச்சு. அதனால இப்ப ஒரே பேச்சு. எது முதல்ல கண்ணுல படுதோ, அதைத்தான் முதல்ல எடுக்கணும். முறை அவங்களுக்கு."

"முதல்ல பட்டது சும்மா மிதக்குது, அடுத்தது முங்கப்போகுதுன்னா?"

"முறையை அவங்களா விட்டுக் கொடுத்தா உண்டு. நாம கேக்கக்கூட முடியாது." காக்கா கத்தியைத் துடைத்தார். "இதுவரைக்கும் யாரும் விட்டுக் கொடுத்ததா நான் கேள்விப்படலை."

சுயம்புலிங்கத்துக்கு அந்த விதி பிடித்திருந்தது. அவர் எதற்காகக் கப்பல் ஏறினார் என்பது எல்லாருக்கும் தெரியும். 'பொன்னி' என்ற சரக்குக் கப்பல், போன தும்மலில் குமரிக்குத் தெற்கே எங்கோ நின்றுபோனது. அதன் கேப்டன் ஒரு சில்லு. சில்லு செத்த பிறகு, கப்பலில் இருந்த ஏழு பேரில் மூத்த அதிகாரி பிரமநாயகி. சுயம்புலிங்கத்தின் மனைவி. "செடிக்குத் தண்ணி ஊத்துங்க, ஆனா அன்பு மிகுதியில ஊத்திக் கொன்னுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள். வேலைக்கு ஆள் கிடைக்காமல் கடற்சிட்டு துறைமுகத்தில் நின்றபோது, வரிசையில் முதலில் போய் நின்றவர் இவர்தான். வரிசையே இவர் ஒருவர்தான் என்பது வேறு.

புகைபோக்கிச் சம்பவத்துக்கு மறுநாள் காலை காற்று செத்துவிட்டது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. பித்தளைக் குழாயில் மேலிருந்து ஒரு குரல்: "கப்பலு தெரியுது. தெக்க."

சுயம்புலிங்கத்தின் கையிலிருந்து சவளு விழுந்தது. "என்ன கப்பல்? அண்ணாச்சி, கேளுங்க, என்ன கப்பல்?"

தவசிக்கண் குழாயில் வாய் வைத்துக் கேட்டார். பிறகு காது வைத்தார். நெடுநேரம் காதை எடுக்கவில்லை. மேலே யாரும் நடக்கும் சத்தம் இல்லை. கப்பல் அசையாமல் நின்றது.

"என்ன சொல்லுதாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணாடில பேசுதாவளாம்." வெயிலைக் கண்ணாடியில் வாங்கி வெட்டி வெட்டி அனுப்பும் பேச்சு அது. சில்லு போன பிறகு கடலில் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள், சுயம்புலிங்கம் கற்றுக்கொள்ளவில்லை.

"நான் மேல போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."

தவசிக்கண் ஏணியின் முன்னால் வந்து நின்றார். "கேப்டன் உத்தரவு. மறந்துட்டீராக்கும்."

பாய் கறுத்ததற்கு இவ்வளவு தண்டனையா என்று தோன்றியது. ஆனால் அதற்குள் பின்பக்கம் சங்கிலி கடகடவென்று ஓடியது. விசிறி இறங்கியது. தலைக்கு மேல் புகைபோக்கி நீண்டது. குழாயில் கேப்டனின் குரல், "முழு நீராவி" என்றது. எப்போதும் போன்ற குரலாக இல்லை.

முடிவாகிவிட்டது. விசிறி இறங்கிவிட்டது. கண்ணில் பட்ட கப்பலுக்குத்தான் விசிறி இறங்கும். பொன்னியாகத்தான் இருக்க வேண்டும்.

சுயம்புலிங்கம் அதுவரை அள்ளியது ஒன்றுமே இல்லை என்பதுபோல அன்று அள்ளினார். ஒவ்வொரு சவளுக்கும் பிரமு ஒரு முழம் பக்கத்தில் வருவதாகக் கணக்கு. உள்ளங்கையில் தோல் கிழிந்தது தெரியவில்லை. எஞ்சினின் தண்டுகள் எண்ணெய் மினுங்க ஏறி இறங்குவதைப் பார்க்கையில், இவ்வளவு நேர்மையான ஒரு இயந்திரத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று தோன்றியது. உள்ளே போட்டது வெளியே வருகிறது, மறைக்க ஒன்றுமில்லை.

மனிதர்கள்தான் ஒரு மாதிரியாக இருந்தார்கள். தவசிக்கண் அவரை ஒரு முறைகூடத் திட்டவில்லை. தானே தண்ணீர் மொண்டு கொடுத்தார். மதியம் உமர் காக்கா ஏணியில் இறங்கி வந்தார். கொதிகலன் அறைக்கு வந்தால் மூச்சு முட்டுகிறது என்று ஒரு நாளும் இறங்காத மனிதர். தட்டில் பொரித்த மீன், அதுவும் நடுத்துண்டு.

"என்ன காக்கா விசேஷம்?"

"தின்னுங்க தம்பி."

புகைச்சாமி என்று கூப்பிடவில்லை.  கரை சேர்ந்ததும் தன்னை இறக்கிவிடப் போகிறார்கள், அதற்கான விருந்து இது என்று சுயம்புலிங்கம் முடிவு செய்தார். பரவாயில்லை. பிரமு கிடைத்த பிறகு எங்கே இறக்கிவிட்டால் என்ன. மீனைச் சாப்பிட்டார். நன்றாக இருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் நீராவியைக் குறைக்கச் சொன்னார்கள். தவசிக்கண் அடுப்புக் கதவை மூடிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மேல போறதுன்னா போங்கவே."

அவர் ஏணியை இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறினார்.

எதிரே இருந்தது பொன்னி இல்லை. பொன்னி நீலம்; இது வெள்ளை. கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிக் கப்பல், 'வெண்சங்கு'. விளிம்பு முழுக்க மனிதர்கள். யாரும் கத்தவில்லை, கத்துவதற்கு ஈரம் இல்லாத தொண்டைகள். வேட்டியையும் சேலையையும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மணல்திட்டின் மேல் அலை உடையும் வெள்ளைக் கோடு. அதன் இரைச்சல் இங்கேயே கேட்டது.

சுயம்புலிங்கம் அந்தக் கப்பலைத் தாண்டி, அதன் இரு பக்கமும், தொடுவானம் வரை பார்த்தார். வேறு கப்பல் இல்லை.

கேட்க நேரமும் இல்லை. கேப்டன் கொரேரா செய்ததை அவர் அப்போது பார்த்தார்; பிறகு எத்தனை கோபம் வந்தபோதும் அதை மறுக்க அவரால் முடியவில்லை. பெரிய கப்பல் எதுவும் நுழையத் துணியாத ஆழத்தில், திட்டின் ஓரமாக வெண்சங்குக்குப் பக்கத்தில், கடற்சிட்டைக் கைக்குழந்தையைக் கிடத்துவதுபோலக் கொண்டுபோய் நிறுத்தினார். விசிறி கலக்கிய மணல் பழுப்பாக மேலே வந்தது. கயிறு போனது. இறுகியது. கடற்சிட்டின் ஒவ்வொரு பலகையும் முனகியது. வெண்சங்கு அசையவில்லை.

"ஆவி பத்தல" என்றது குழாய்.

யாரும் அவரைக் கீழே போகச் சொல்லவில்லை. சுயம்புலிங்கம் தானாகவே இறங்கி ஓடினார். அவரும் தவசிக்கண்ணும் கிடங்கின் தரை தெரியும்வரை அள்ளிப் போட்டார்கள். ஊரே ஏறி நிற்கும் ஒரு கப்பலை, அதில் கால்வாசி கூட இல்லாத சிறுகப்பல், இரண்டு பேர் கையால் அள்ளிய கரியை வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக ஆழத்துக்கு இழுத்து வந்தது.

நங்கூரம் பாய்ச்சியாயிற்று. தண்ணீர்ப் பீப்பாய்கள் போயின. கரையிலிருந்து வள்ளங்கள் வர ஆரம்பித்தன. வெண்சங்கிலிருந்து கயிற்றை அவிழ்க்க வந்த ஒருவர், சுயம்புலிங்கத்தின் கறுத்த கையைப் பார்த்து, "நீங்களா கரி போட்டது?" என்று கேட்டு அந்தக் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். சுயம்புலிங்கம் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்; முடியவில்லை. அந்த நெற்றி காய்ச்சலில் கொதித்தது.

அதன் பிறகுதான் கேட்கத் தொடங்கினார். காலையில் பார்த்தது இந்தக் கப்பலா? இவ்வளவு தூரம் ஓடி வந்தோமே, காலையில் இது எப்படிக் கண்ணில் பட்டிருக்கும்?

தவசிக்கண் கொதிகலனின் வால்வைப் பற்றி ஏதோ சொன்னார். அதில் ஒரு வால்வும் கெட்டிருக்கவில்லை. மேல்மரத்தில் காவல் நின்றவன் வெயிலில் கண் கூசியது என்றான். கேப்டன், "பாப்போம் டாக்டரே, காத்து வரட்டும்" என்றார்; அந்த அம்மாள் எதற்கும் சொல்லும் பதில் அது. கடைசியில் உமர் காக்காவின் கத்தியைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

"காலையில பாத்தது எது காக்கா?"

கையில் வேலை இல்லாததால் காக்காவுக்குப் பொய் வரவில்லை. "பொன்னிதான்" என்றார். "உங்க வீட்டம்மாதான் கண்ணாடில பேசினாங்க. ராத்திரி இந்தக் கப்பல் அவங்களைத் தாண்டிப் போயிருக்கு, திட்டைப் பாத்து. புள்ளைங்க அழுவுற சத்தம் கேட்டுச்சாம். முறையை விட்டுக் கொடுத்துட்டாங்க."

"அங்க தண்ணி எவ்வளவு இருக்காம்?"

"அல்லாஹ் போதுமானவன் தம்பி."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

காக்கா அடுப்பைப் பார்த்தார்.

சுயம்புலிங்கம் போய் வெறும் கரிக்கிடங்கில் உட்கார்ந்தார். ஒவ்வொரு சவளுக்கும் ஒரு முழம் என்று கணக்கு வைத்திருந்தார். கணக்கு சரிதான், திசைதான் நேர் எதிர். தன் மனைவியிடமிருந்து தன்னைத் தானே இவ்வளவு உற்சாகமாக விலக்கிக்கொண்டு வந்த ஆள் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள். தெரிந்துதான் நடுத்துண்டு. காற்று செத்த கடலில், கரி இல்லாத கப்பலில், காற்றுக்காகக் காத்திருப்பதைத் தவிர அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. யாருடனும் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவோமோ, அடித்துவிடுவோமோ என்று நிச்சயமில்லை. அவருக்கு அடிக்கத் தெரியாது என்பதால் முதலாவதுதான் நடந்திருக்கும்.

மறுநாள் முற்பகலில் கொண்டல் எழுந்தது. கிழக்கிலிருந்து வரும் நல்ல காற்று. தெற்கே போகிறவர்களுக்கு அதைவிட வாகான காற்று இல்லை. வள்ளங்கள் கொண்டுவந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி முடித்திருந்தார்கள். கறுத்த பாய்கள் புடைத்தன. "விசிறி மேல" என்று குரல் கேட்டது.

எல்லாரும் பின்தளத்துக்குப் போனார்கள். உமர் காக்கா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தவசிக்கண் உள்ளங்கையில் துப்பிக்கொண்டார். கயிற்றில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதற்கு யாரும் நகர்ந்து நிற்கவில்லை. சுயம்புலிங்கம் கொஞ்ச நேரம் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு போய்ப் பிடித்தார். தோல் உரிந்த கையில் கயிறு தீயாக எரிந்தது. அவருக்கு முன்னால் நின்றவர் கேப்டன்.

"ஏலேலோ" என்று தவசிக்கண் இழுத்துப் பாட, வெண்கல விசிறி நீர் சொட்டக் கிணற்றுக்குள் ஏறியது. அடுத்த இழுப்புக்கு முன்னால் மூச்சு வாங்க நின்ற இடைவெளியில், சுயம்புலிங்கம் கேப்டனின் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

"அவ இன்னும் அங்கதான் இருப்பாளான்னு நான் கேக்கப் போறதில்ல கேப்டன். அது உங்களுக்கும் தெரியாது. இதை மட்டும் சொல்லுங்க. நேத்து காலையில நான் மேல நின்னிருந்தா என்ன நடந்திருக்கும்?"

  கேப்டன் கயிற்றை விடாமலேயே திரும்பினார்.

"நீரு எம் மூஞ்சியப் பாத்து, அவகிட்டப் போங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் போயிருப்பேன். விதியும் அவ பக்கம் இருந்துச்சு. இந்தச் சனம் பூரா திட்டுல செதறியிருக்கும், நான் அதையும் தாங்கிட்டுப் போயிருப்பேன். அவ அத எப்படிக் கண்டுபிடிச்சாளோ தெரியல. உங்க வீட்டுக்காரரு எங் கப்பல்லதான் இருக்காருன்னு நாந்தான் கண்ணாடில சொன்னேன், சந்தோசப்படுவாளேன்னு. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் வெளிச்சமே வரல. பெறகு ஒரே ஒரு கேள்வி கேட்டா, அவரு மேல நிக்காரா, கீழ நிக்காரான்னு. கீழ கரி அள்ளுதாருன்னேன். அதுக்கப்புறந்தான், அப்ப அவரு மேல வர்றதுக்குள்ள சீக்கிரம் போங்கன்னா."